தலைசுற்றலுக்கு பிசியோதெரபி: கண்ணைப் பார்க்காமல் செய்தால் பலனில்லை

படுக்கையில் புரண்டதும் அறையே சுழல்கிறது, அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. இதைப் பித்தம் என்பார்கள், கழுத்து எலும்புத் தேய்மானம் என்பார்கள். கழுத்துப் பட்டையும் பெட்டாஹிஸ்டின் மாத்திரையும் மாதக்கணக்கில் ஓடும். கோளாறோ பெரும்பாலும் உள்காதில் இருக்கிறது. அங்குள்ள கால்சியம் கார்பனேட் துகள்கள் உதிர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடுகின்றன. மாத்திரையால் அவற்றை நகர்த்த முடியாது. தலையைத் திருப்பித்தான் வெளியே உருட்ட வேண்டும். இந்த வகைத் தலைசுற்றலுக்கு பிசியோதெரபியைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம், பரிசோதனை ஒழுங்காக நடக்கிற இடமாக இருந்தால்.

அந்தப் பரிசோதனை 1952இல் வந்த டிக்ஸ்-ஹால்பைக். உட்காரவைத்து, தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாத்துவார்கள். தலை கட்டில் விளிம்பைத் தாண்டி 20 பாகையாவது கீழே தொங்க வேண்டும். கண்ணை மூடவே கூடாது. சில நொடி கழித்துக் கருவிழி நெற்றிப் பக்கமாகவும், கீழே இருக்கும் காதை நோக்கிச் சுழன்றும் துடித்து, ஒரு நிமிடத்துக்குள் நின்றால் அந்தக் காதின் பின்குழாயில், அதாவது பின்பக்க அரைவட்டக் குழாயில், துகள் இருக்கிறது. "சுத்துதா?" என்று கேட்டதோடு முடித்துக்கொள்பவருக்கு எந்தக் குழாய் என்பது தெரியப்போவதில்லை. கிடைக்குழாய் (கிடைமட்டமாக இருக்கும் அரைவட்டக் குழாய்) என்றால் படுக்கவைத்துத் தலையை இரு பக்கமும் உருட்டிப் பார்க்க வேண்டும். அதற்கான சிகிச்சையே வேறு.

பின்குழாய்க்கு எப்லி முறை. ஜான் எப்லி அமெரிக்காவில் 1992இல் வெளியிட்டது. வலது காது என்று வைத்துக்கொள்வோம். தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, மல்லாத்தித் தொங்கவிட வேண்டும். அப்படியே தொங்கவைத்து இடப்பக்கம் 90 பாகை. பிறகு உடம்போடு இடது தோள் மேல் புரண்டு, முகம் தரையைப் பார்க்க இன்னும் 90 பாகை. கடைசியில் முகவாயை நெஞ்சோடு ஒட்டியபடி எழுந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் 30 முதல் 60 நொடி. சுற்றல் நின்ற பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் துகள் பாதிவழியில் நின்றுவிடும். நடுவில் தலையைத் தூக்கினால் வந்த வழியே திரும்பிவிடும். சில சமயம் கிடைக்குழாய்க்குள் நுழைந்து வேறு மாதிரியான சுற்றலைக் கிளப்பும். எழுந்ததும் சிலர் பின்பக்கம் சாய்வார்கள், ஒரு கை பிடித்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு போவது நல்லது, வாந்தி வரலாம்.

பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று அமர்வில் சரியாகிவிடும். இதற்குக் கழுத்தில் மின்தூண்டலும் அல்ட்ராசவுண்டும் வைத்துப் பத்து நாள் பேக்கேஜ் பேசினால் பணம்தான் வீண். இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்கு என்ற பழைய அறிவுரையும் தேவையில்லை.

நரம்பு அழற்சியால் ஒரு பக்க உள்காது பலவீனமானவர்களுக்கு எப்லி உதவாது, பயிற்சிதான் வேண்டும். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தபடி, அது மங்காத வேகத்தில் தலையை இடமும் வலமும் ஆட்டுவது. தடவைக்கு ஒரு நிமிடம், நாளுக்கு மூன்று தடவையாவது. இலேசாகக் கிறுகிறுத்தால்தான் மூளை பழகும். சின்னாரிசின் போன்ற, சுற்றலை அடக்கும் மாத்திரைகளை வாரக்கணக்கில் தின்றால் அந்தப் பழக்கமே தாமதமாகும்.

சுற்றலோடு இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், கைகால் மரத்துப்போதல், புதிதாகக் கடும் தலைவலி, பிடிக்காமல் நிற்க முடியாமை இருந்தால் பிசியோவிடம் போகக் கூடாது. நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், பக்கவாதமாக இருக்கலாம். முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டு அழற்சி), கழுத்து முறிவு உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குக் கழுத்தைத் தொங்கவிடுவது ஆபத்து.

மறுபடி வரக்கூடிய நோய் இது. எந்தக் காது, எந்தக் குழாய் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.