செஷல்ஸ் மீன்பிடிப் படகு: மீனைவிடப் பேச்சு ருசி

மாஹே தீவில் அரை நாள் மீன்பிடிப் படகுச் சவாரி போனோம். தூண்டில், இரை, ஐஸ் பெட்டி எல்லாம் அவர்களே தருகிறார்கள், ஆனால் நிழலுக்குக் கட்டியிருந்த தார்ப்பாய் பாதி கிழிந்து பறந்தது, பத்து மணிக்கே முதுகு வெந்துவிட்டது. கேட்டால் சிரிக்கிறார்கள். சரி, விடுங்கள்.

காசுக்கு ஈடு செய்தது படகோட்டியின் பேச்சுதான். சோமாலியக் கொள்ளையர் தொல்லை உச்சத்தில் இருந்தபோது இவர் கரையைவிட்டுத் தொலைவு போகவே மாட்டாராம். அப்போது ஒரு லட்சம் பேர்கூட இல்லாத நாடு, காக்க வேண்டிய கடலோ 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல், தனியாக என்ன செய்வார்கள்? அதனால் 2009 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் படைகள் இங்கே தங்குவதற்கு ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியா 2005-ல் கொடுத்த 'தர்முக்ளி' கப்பல் இங்கே 'டோபாஸ்' ஆகி, 2010 மார்ச்சில் கொள்ளையரிடமிருந்து பிணைக்கைதிகளை மீட்டிருக்கிறது. எனக்கு அது புதுச் செய்தி.

மீனா? இரண்டே இரண்டு சங்கரா, உள்ளங்கை அளவு. அப்புறம் சுத்தம் செய்து தருவதற்குத் தனிக் கட்டணம், அதை முன்பே சொல்லியிருக்கலாம். ஐந்துக்கு மூன்று. தொப்பி மறக்காதீர்கள்.