'90 நாளில் நீர்க்கட்டி கரையும்' என்றார்கள், 24,999 ரூபாய் கட்டினேன்

போன ஆகஸ்டில் எனக்கு பிசிஓஎஸ் என்று சொன்னார்கள், நம் ஊரில் 'நீர்க்கட்டி' என்று சொல்லும் ஹார்மோன் கோளாறு. செப்டம்பரில் ஏமாந்தேன். பொங்கலன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரத்தம் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தேன். இந்தப் பெயரைப் புதிதாகக் கேட்டுவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போனில் தேடிக்கொண்டிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

விற்றவர்களின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை வாயைத் திறக்காதே என்று வக்கீல் அக்கா சொல்லியிருக்கிறார். பெயர் தெரிந்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. இதே வியாபாரத்தை இதே வார்த்தைகளைச் சொல்லிச் செய்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

எனக்கு வயது 27. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும். வேலை டென்ஷன் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாடையில் முடி வந்தபோது பார்லரில் நூல் போட்டு எடுத்துவிட்டு வந்தேன். பின்கழுத்து கறுத்துக்கொண்டே போனது. குளிக்கும்போது சரியாகத் தேய்ப்பதில்லை என்று அம்மா பீர்க்கங்காய் நாரை எடுத்துக்கொண்டு வந்து தோல் எரியும்வரை தேய்த்துவிட்டார். அது அழுக்கே இல்லை, இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் என்று பின்னால்தான் தெரிந்தது.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து நான்கு நிமிடம் டாக்டரைப் பார்த்தேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார். "நீர்க்கட்டி இருக்கும்மா. வெயிட்டைக் குறைங்க. கல்யாணம் ஆச்சுன்னா சரியாயிடும்." இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரை எழுதினார், மாதவிலக்கை வரவைக்கப் பத்து நாள் மாத்திரை ஒன்று எழுதினார். எது எதற்கு, எத்தனை நாளைக்கு, ஒன்றும் சொல்லவில்லை. எழுதிய மருந்தில் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட அத்தனையையும் சொல்ல வேறொருத்தி மணிக்கணக்கில் நேரம் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்ன முதல் வார்த்தை: "கண்ணு, வெளிய யாருகிட்டயும் சொல்லிப்போடாத." ஜாதகம் வெளியே போயிருந்த நேரம் அது. ஆகவே யாரிடமும் கேட்கவில்லை. போனிடம் கேட்டேன்.

இந்த 'நீர்க்கட்டி' என்ற சொல்லிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது. கட்டி என்று கேட்டதும் அதைக் கரைக்க வேண்டும், உடைக்க வேண்டும் என்றுதானே நமக்குத் தோன்றும்? எனக்கு வந்த விளம்பரமும் அதையே சொன்னது: '90 நாளில் நீர்க்கட்டி கரையும், மாத்திரை இல்லாமல்.' ஒரு பக்கம் கறுப்பு வட்டங்கள் நிறைந்த ஸ்கேன் படம், இன்னொரு பக்கம் சுத்தமான ஸ்கேன் படம். 99 ரூபாய்க்கு ஆன்லைன் வகுப்பு. ஹார்மோன் கோச் என்று சொல்லிக்கொண்ட பெண் இரண்டரை மணி நேரம் பேசினார். கழுத்துக் கறுப்பு, தாடை முடி, தலைமுடி கொட்டுவது, காரணமில்லாமல் வரும் அழுகை என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, யாரோ என் டைரியை எடுத்துப் படிப்பது போல இருந்தது.

மறுநாள் காலை போன் வந்தது. மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்கவில்லை. "கல்யாணம் ஆயிடுச்சா டியர்?" என்பதுதான் முதல் கேள்வி. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். "அப்போ உங்களுக்கு டைம் இல்லை டியர். இப்படியே விட்டா குழந்தையே நிக்காது." அதற்கப்புறம் பேசியது எதுவும் சரியாக என் காதில் ஏறவில்லை. சலுகை விலை ராத்திரி எட்டு மணிவரை என்றார். சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து இரண்டு தவணையாக யூபிஐயில் 24,999 ரூபாய் அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் வந்தது கம்பெனி பெயர் அல்ல, ஒரு ஆளின் பெயர். பார்த்தேன், பார்த்துவிட்டும் அமுக்கினேன். அப்புறம் அவர்கள் சொன்ன லேபில் 'ஹார்மோன் பேனல்' என்று தனியாக 6,800 ரூபாய்.

மூன்று டப்பா பொடியும் முடி வளர்வதற்கென்று ஒரு பாட்டில் கம்மீஸும் (மென்று தின்னும் மிட்டாய் மாதிரி) பார்சலில் வந்தன. உள்ளே இருந்த பில்லை அன்றைக்கே படித்திருந்தால் அங்கேயே விழித்திருப்பேன். 'ஃபிட்னஸ் வழிகாட்டல் மற்றும் டிஜிட்டல் கன்டென்ட்' என்று ஒரே வரி. சிகிச்சை, மருந்து, பிசிஓஎஸ் எதுவும் அதில் இல்லை. டப்பாவின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

வாட்ஸப் குழுவில் சேர்த்தார்கள். அரிசி, கோதுமை, பால் மூன்றும் கூடாது. மூன்று வேளையும் தட்டைப் படம் எடுத்துப் போட வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வயிறு புரட்டுகிறது என்று எழுதினேன். "அதுதான் டியர் பாடி அதை வேண்டாம்னு சொல்லுது. கெமிக்கல் எல்லாத்தையும் நிறுத்துங்க, அப்போதான் பொடி வேலை செய்யும்." நிறுத்தினேன். மெட்ஃபார்மின் ஆரம்பிக்கும்போது பலருக்கு வயிற்றைப் புரட்டும், சாப்பாட்டோடு எடுத்து அளவை மெதுவாகக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த நான்கு நிமிடத்தில் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

முதல் மாதம் எடை நாலு கிலோ குறைந்தது. குழுவில் என் படத்தைப் போட்டுக் கைதட்டினார்கள். மூன்றாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது, குளியலறைச் சல்லடை தினமும் அடைத்தது. பட்டினி போட்டு வேகமாக எடை இறக்கினால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். கோச் சொன்னது வேறு: "டாக்ஸின் வெளியே போகுது, நல்ல அறிகுறி."

நடுவில் தைராய்டு கலாட்டா வேறு. அவர்கள் லேபிலேயே மறுபடி ரத்தம் கொடுத்ததில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மிகக் குறைவு, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகம் என்று வந்தது. உனக்குத் தைராய்டும் இருக்கிறது, அதற்குத் தனி பேக்கேஜ் 14,000 ரூபாய் என்றார்கள். நல்லவேளை, கையில் காசில்லை. காரணம் அந்த முடி கம்மீஸ். அதில் பயோட்டின் என்ற வைட்டமின் இருந்தது, நாளுக்கு 10,000 மைக்ரோகிராம். இவ்வளவு பயோட்டின் உள்ளே போனால் சில லேப் கருவிகளில் தைராய்டு அளவு தப்பாகக் காட்டும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். பின்னால் நிறுத்திவிட்டுக் கொடுத்தபோது தைராய்டு அச்சு அசல் சரியாக இருந்தது. தெரிந்தே செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்று சொல்லமாட்டேன். தெரியாமல் செய்தது என்றால் அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். நான்கு மாதமாக மாதவிலக்கே இல்லை. "உள்ளே ஹீல் ஆகுது" என்றார்கள். ஜனவரி முதல் வாரம் ஆரம்பித்தது, நிற்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். போகிக்கு முந்தின நாள் கம்பெனியில் சாம்பிள் டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து டேபிள் அக்காதான் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். ஹீமோகுளோபின் 6.8. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்பூச்சு 17 மில்லிமீட்டர். அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர பத்து நாள். அந்தப் பத்து நாளை நான் எழுதப் போவதில்லை. பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்தது.

அங்கிருந்த டாக்டரம்மா கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். அவை கட்டிகளே இல்லையாம். மாதாமாதம் ஒரு கருமுட்டை பக்குவமாகி வெளியே வர வேண்டும். ஹார்மோன் குழப்பத்தால் பாதி வளர்ந்து நின்றுவிட்ட சின்னச் சின்ன முட்டைப் பைகள்தான் ஸ்கேனில் அப்படித் தெரிகின்றன. கரைப்பதற்கு அங்கே எதுவுமில்லை. முட்டை வெளியாகாவிட்டால் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் சுரக்காது, ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் உள்பூச்சைத் தடிமனாக்கிக்கொண்டே போகும். "பழைய சுண்ணாம்பைச் சுரண்டாம மேல மேல அடிச்சிட்டே போனா ஒருநாள் காரையோட பேந்து விழும்ல, அதுதான் உனக்கு ஆனது" என்றார். இப்படியே வருஷக்கணக்கில் விட்டால் புற்றுநோய் ஆபத்தும் கூடும் என்பதால்தான் மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராமல் விடக்கூடாது என்கிறார்கள். நான் தூக்கிப் போட்ட பத்து நாள் மாத்திரை அதற்குத்தான்.

இன்னொன்றும் சொன்னார். ஸ்கேனை மட்டும் பார்த்து பிசிஓஎஸ் என்று முடிவு செய்வதில்லை. 2003-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் வகுத்த அளவுகோல்தான் கொஞ்சம் திருத்தங்களோடு இன்றும் அடிப்படை: மாதவிலக்கு ஒழுங்கில்லாமை, ஆண் ஹார்மோன் அதிகம் என்பதற்கான அறிகுறி அல்லது ரத்த அளவு, ஸ்கேனில் அந்தத் தோற்றம். மூன்றில் இரண்டு இருக்க வேண்டும், தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கோளாறுகள் இல்லை என்று பார்த்திருக்கவும் வேண்டும். அப்படியென்றால் ஸ்கேன் படத்தைக் காட்டி 'முன்பு, பின்பு' என்பதற்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை. இது அடக்கி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம், ஒரேயடியாகத் தீர்த்துக்கட்டும் விஷயமல்ல. குழந்தை? பிசிஓஎஸ் உள்ள பெண்களில் மிகப் பலருக்குக் குழந்தை பிறக்கிறது. தானாக நிற்காவிட்டால் முட்டை வெளியாக மாத்திரை இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் ஆகஸ்டிலேயே காதில் விழுந்திருந்தால் செப்டம்பரில் பணம் அனுப்பியிருக்கமாட்டேன்.

பணத்துக்கு வருகிறேன். பலன் இல்லாவிட்டால் பணம் வாபஸ் என்ற உத்தரவாதம் இருக்கிறதே என்று திருப்பிக் கேட்டேன். 270 தட்டுப் படங்களில் நான் 11 படம் போடவில்லையாம், அதனால் உத்தரவாதம் செல்லாது. பில்லைப் பார், நீ வாங்கியது டிஜிட்டல் கன்டென்ட், அதற்கு ரிட்டர்ன் கிடையாது என்றார்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டைக் குழுவில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்கள்.

மிச்சமிருந்த பொடியைப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு எடுத்துப்போனேன். பெரியவர் உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தார், நுனி நாக்கில் வைத்தார். "வெந்தயமுங்க அம்மிணி. பட்டை இருக்குது. ஆளி விதை. இன்னொண்ணு தண்ணிவிட்டான் கிழங்காட்டம் தெரியுது. முந்நூறு ரூவாய்க்கு இதவிட நல்லதா அரைச்சுத் தாறேன், என்னத்துக்குன்னு சொல்லுங்க." என்னத்துக்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சித்த வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. அதற்குப் படித்துப் பதிவு செய்த டாக்டர்கள் இருக்கிறார்கள், அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது. இந்த கோச் அம்மாள் அதுவும் படிக்கவில்லை, இதுவும் படிக்கவில்லை. கேட்டபோது ஆறு வார ஆன்லைன் சான்றிதழை அனுப்பினார். அலோபதி என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், சித்தா என்றால் தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றம். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றினால் போனை வையுங்கள். டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐயின் (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 14 இலக்க எண் இருக்கிறது என்று காட்டுவார்கள். அது உணவு விற்பதற்கான உரிமம். நோய் தீரும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

பெண்களின் மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்யும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1954-ம் ஆண்டுச் சட்டப்படி தடை. எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே பெண்களை என்ன சொல்லி ஏமாற்றுவார்கள் என்று தெரிந்து எழுதி வைத்திருக்கிறார்கள்! அதனால்தான் இவர்கள் 'நாங்கள் விற்பது உணவு, சொல்வது ஃபிட்னஸ்' என்று பில்லில் ஒளிந்துகொள்கிறார்கள். விளம்பரத்தில் மட்டும் நீர்க்கட்டி கரையும்.

நான் செய்தது இது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். மூன்று வாரம் கழித்து 8,000 ரூபாய் தருகிறோம், எழுதியதையெல்லாம் அழித்துவிடு என்று விற்றவர்களிடமிருந்து பதில் வந்தது. வேண்டாம் என்றேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் வேறு ஊரில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். விளம்பரம், அரட்டை, யூபிஐ ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சண்டை போடுவதற்கு முன்னாலேயே எடுங்கள். குழுவிலிருந்து என்னை நீக்கிய பிறகு பழைய செய்திகள் எதுவும் என் கையில் இல்லை. என்னிடம் இருந்தது தோழிக்குப் பெருமையாக அனுப்பியிருந்த சில படங்கள் மட்டும்தான்.

இப்போது மெட்ஃபார்மின் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகத் தருகிறார்கள், சாப்பாட்டோடு எடுத்துக்கொள்கிறேன். வயிறு பழகிவிட்டது. அரிசி சாப்பிடுகிறேன், அளவாக. வேலை முடிந்து இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன். கடைசியாக மாதவிலக்கு 41 நாளில் வந்தது, காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன்.

காலி டப்பா இரண்டையும் அம்மா கழுவி, ஒன்றில் கடுகும் ஒன்றில் சீரகமும் போட்டுவிட்டார். மூடி நல்ல இறுக்கமாம். மூன்றாவதைச் சாட்சியாக வைக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீல் அக்கா. அதில் அரை டப்பா பொடி இன்னும் இருக்கிறது. அம்மா அதிலும் கை வைத்துவிடக்கூடாது என்று டேப் சுற்றி பீரோவுக்கு மேல் வைத்திருக்கிறேன்.