மாணவர் செய்யும் மோல்டுக்கு எது ஏற்றது: பி20 எஃகா, ரெசினா, அலுமினியமா?

டூல் அண்டு டை படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஒரு சிறிய இஞ்செக்‌ஷன் மோல்டை (உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தி வார்க்கும் அச்சை) செய்ய முனையும்போது, பொருளின் உள்வடிவைத் தரும் கோரையும் வெளிவடிவைத் தரும் கேவிட்டியையும் எந்தப் பொருளில் வெட்டுவது என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். 60 மி.மீ. விட்டமுள்ள பாலிபுரோப்பிலீன் மூடியை எடுத்துக்கொள்வோம்.

பி20 என்னும் மோல்டு எஃகு ஏறத்தாழ 30 எச்ஆர்சி (ராக்வெல் சி என்னும் அளவுகோல்) கடினத்தோடு வருவதால் வெட்டிய பின், கடினமாக்குவதற்கான ஹீட் ட்ரீட்மென்ட் தேவைப்படாது. லட்சக்கணக்கான ஷாட்டுகளையும் (ஒருமுறை பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்த்தெடுப்பது ஒரு ஷாட்) தாங்கும். ஆனால் மாணவர் மோல்டு 500 ஷாட் ஓடினாலே அதிகம். அந்த ஆயுளுக்காக மில்லிங் மெஷினை நாள்கணக்கில் பிடித்து வைத்தால் அடுத்த குழுவின் நேரம் பறிபோகிறது.

3டி பிரிண்டரில் எடுக்கும் ரெசின் இன்செர்ட் (மோல்டுக்குள் பொருத்தும் துண்டு) மறுநாளே கைக்கு வந்துவிடும். ஆனால் ரெசின் வெப்பத்தை எளிதில் கடத்தாததால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் நெடுநேரம் ஆறவிட வேண்டும். சில பத்து ஷாட்டுகளில் மெல்லிய பகுதிகள் உடையத் தொடங்கும். கேட் (கேவிட்டிக்குள் பிளாஸ்டிக் நுழையும் வாய்) சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க அது போதும். மோல்டு செய்யும் கைத்தொழிலை அது கற்றுத்தராது.

என் தேர்வு 7075 ரக அலுமினியம். பி20-ஐப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பத்தைக் கடத்துவதோடு, வேகமாகவும் வெட்டுப்படும் என்பதால் முதல் ட்ரையலில் தெரியும் பிழையை அன்றைக்கே திருத்த முடிகிறது. மாணவர் உண்மையில் கற்பது அந்தத் திருத்தத்தில்தான். பாலிபுரோப்பிலீன் ஆறும்போது 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். 1.5 சதவீதம் என்று கணக்கிட்டுக் கேவிட்டியை 60.9 மி.மீ.க்கு ஒரேயடியாக வெட்டிவிட்டால், கூடிப்போன அளவைக் குறைக்க வழியில்லை. அதை 60.6-இல் நிறுத்தி, ட்ரையலில் வந்த மூடியை ஒரு நாள் கழித்து அளந்து, தேவையான அளவுக்கு மீண்டும் வெட்டுவதே முறை.

அலுமினியத்தின் குறை அதன் மென்மை. ஒட்டிக்கொண்ட மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் மோல்டின் இரு பாதிகளும் சேரும் பார்ட்டிங் லைனில் ஒரு சிறு பள்ளம் விழும். அடுத்த ஷாட்டிலேயே மூடியின் விளிம்பில் அந்த இடத்தில் மெல்லிய பிசிறு நீட்டிக்கொண்டு வரும். நெம்புவதற்குப் பித்தளைக் கம்பியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இரு பாதிகளையும் நேராகச் சேர்க்கும் கைடு பில்லர், பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் விடும் ஸ்ப்ரூ புஷ், மூடியை வெளியே தள்ளும் எஜெக்டர் பின் ஆகியவை எஃகாகவே இருக்கட்டும்.

கண்ணாடி இழை கலந்த நைலானை ஓட்டுவதானால் கேட் அருகே அலுமினியம் விரைவில் அரித்துப்போகும். அந்த வேலைக்கு மட்டும் பி20-ஐ எடுக்கலாம்.