வேர்டா, லேடெக்கா: ஜர்னல் மாறும்போது தெரியும் வித்தியாசம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் மழை குறைவு. ஆழியாற்றுத் தண்ணீரையும் போர்வெல்லையும் நம்பித்தான் விவசாயம். அந்த நிலத்தடி நீரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையைத் தயார் செய்யும்போது இரண்டு வழிகள் இருந்தன. வேர்டில் எழுதி, ரெஃபரன்ஸை (மேற்கோள் காட்டும் நூல், கட்டுரை விவரங்களை) அவற்றைச் சேமித்து அடுக்கித் தரும் சோட்டெரோ என்ற மென்பொருளிடம் ஒப்படைப்பது ஒன்று. ஓவர்லீஃப் என்ற இணையதளத்தில், கட்டளைகள் எழுதிப் பக்கத்தை வடிவமைக்கும் லேடெக்கிலேயே எழுதுவது இன்னொன்று. இரண்டிலும் எழுதிப் பார்த்துவிட்டு வேர்ட் பக்கம் வந்துவிட்டேன்.

பக்க எண், மார்ஜின், தலைப்பு அளவு எல்லாம் இரண்டிலும் சரியாக வரும். படங்களுக்கும் இந்தத் தேர்வுக்கும் சம்பந்தமே இல்லை. எதில் எழுதினாலும் புகைப்படத்துக்கு 300 டிபிஐ, கோட்டுப் படத்துக்கு 1000 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்றுதான் ஜர்னல் பதிப்பகமான எல்செவியர் கேட்கிறது.

லேடெக்கின் பலம் சமன்பாடுகள். அதில் வேர்ட் கிட்டே நெருங்க முடியாது. கேரளத்தில் அதற்கு வேரும் உண்டு. லேடெக்குக்கு அடிப்படையான டெக்கின் உலகப் பயனர் மாநாடு 2002இலும் 2011இலும் திருவனந்தபுரத்தில் நடந்தது. எல்செவியர் தரும் லேடெக் டெம்ப்ளேட்டும் (மாதிரிக் கோப்பும்) அந்த ஊர்க்காரர்கள் கைவண்ணம்தான். கணிதம், இயற்பியல் படிப்பவர்கள் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். நீளமான ஆய்வேட்டுக்கும் அதுவே மேல் என்று கணிதத்துறை நண்பர்கள் சொல்கிறார்கள். ஆய்வேடு அளவுக்கு நான் அதில் எழுதியதில்லை, அவர்கள் சொல்லை நம்பித்தான் சொல்கிறேன்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: கட்டுரை திரும்பி வந்தால் அடுத்த ஜர்னலுக்கு மாற்ற எவ்வளவு வேலை? எங்கள் துறையில் முதல் ஜர்னலிலேயே கட்டுரை ஏறுவது அபூர்வம். முதல் இடத்தில் '(இன்னார், 2015)' என்ற பெயர்-ஆண்டு முறை கேட்பார்கள், அடுத்த இடத்தில் '[1]' என்ற எண் முறை. கையால் டைப் செய்த பட்டியல் என்றால் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சோட்டெரோவில் ஸ்டைலை மாற்றினால் உள்ளே இருக்கும் மேற்கோள்களும் கடைசியில் இருக்கும் பட்டியலும் சேர்ந்தே மாறும்.

லேடெக்கிலும் ரெஃபரன்ஸ் ஒரு வரியில் மாறும், அதை மறுக்கவில்லை. தலைப்பகுதிதான் படுத்துகிறது. ஆசிரியர் பெயர், நிறுவனம், சுருக்கம் ஆகியவற்றுக்கு எல்செவியர் டெம்ப்ளேட்டில் ஒரு கட்டளை, இன்னொரு பதிப்பகமான ஸ்பிரிங்கரின் டெம்ப்ளேட்டில் வேறொன்று. அதையெல்லாம் திரும்ப எழுதி, வரும் பிழைச் செய்திகளை ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் கைடு, பாலக்காட்டில் இருக்கும் இணையாசிரியர், நான் என்று மூன்று பேர் கை வைக்கும் கட்டுரைக்கு இன்னொரு சிக்கல். ஓவர்லீஃபின் இலவசக் கணக்கில் நம்மைத் தவிர ஒருவரைத்தான் சேர்க்க முடியும். யார் எதைத் திருத்தினார் என்று காட்டும் வசதிக்குக் காசு. கைடு சிவப்பில் திருத்தி மெயிலில் அனுப்பும் வேர்ட் கோப்பு எனக்கு அதைவிட வசதி.

சோட்டெரோவைச் சும்மா விட்டால் வேலை செய்யாது, பராமரிப்பு உண்டு. கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐயைக் கொடுத்தால் விவரங்கள் தானாக வந்துவிடும். ஆனால் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் (சென்ட்ரல் கிரவுண்ட் வாட்டர் போர்டு) மாவட்ட அறிக்கை மாதிரியானவற்றை நாமே உள்ளிட வேண்டும். வாரியத்தின் பெயரை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தில் போட்டால் பட்டியலில் 'போர்டு, சி. ஜி. டபிள்யூ.' என்று ஒரு ஆள் முளைப்பார். ஒரே கட்டமாக மாற்றிப் போடுங்கள். லேடெக்கிலும் இதே தொல்லைதான், அங்கே பெயரை இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இனிஷியல் வைத்த நம் ஊர்ப் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது நல்லது. ஆந்திரத்துச் சித்தூர் பற்றிய கட்டுரைகளும் தேடலில் வந்து கலக்கும், அவற்றைத் தனி ஃபோல்டரில் ஒதுக்குங்கள்.

அப்புறம், ஆங்கிலத் தலைப்புகளை முதல் எழுத்தும் ஆள், ஊர்ப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்படி சேமியுங்கள். ஸ்டைல் கேட்டால் சொற்களின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வேலையைச் சோட்டெரோவே செய்யும், தானாகத் திருப்பி மாற்றாது. ஜர்னலுக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் சோட்டெரோவுடனான மேற்கோள் இணைப்பைத் துண்டியுங்கள். மூலப் பிரதியில் துண்டித்தால் அடுத்த ஜர்னலுக்கு எல்லாம் கைவேலை.

இரண்டு வழியிலும் தீராத ஒன்றும் உண்டு. 'இன்னார் (2015) காட்டியபடி' என்று வாக்கியத்துக்குள் பெயரைக் கையால் டைப் செய்திருந்தால், எண் முறைக்குப் போகும்போது அந்த வாக்கியங்களைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தியாக வேண்டும்.

சமன்பாடு நிறைய வரும் கட்டுரையை இனி எழுத நேர்ந்தால் நானும் லேடெக்கைத்தான் எடுப்பேன். சோட்டெரோவில் இருக்கும் நூலகத்தை லேடெக் படிக்கும் பிப்டெக் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளலாம் என்பதால், இதுவரை சேர்த்த ரெஃபரன்ஸ் எதையும் மறுபடி டைப் செய்ய வேண்டியிருக்காது.