நான்கு விண்வெளிச் சிமுலேட்டர்கள்: எது எதைக் கைவிடுகிறது?

விண்வெளியில் உலாவும் சிமுலேட்டர் (விண்வெளியைக் கணினித் திரையில் உருவகித்துக் காட்டும் மென்பொருள்) ஒன்றைத் தொடங்க நினைப்பவர் பெரும்பாலும் படங்களைப் பார்த்தே முடிவெடுக்கிறார். சனியின் வளையங்கள்மீது எந்த மென்பொருளில் நிழல் அழகாக விழுகிறது, ஒளிமுகில்கள் எதில் கண்ணைப் பறிக்கின்றன என்பதே அளவுகோலாகிவிடுகிறது. ஆனால் அண்டத்தை ஒரு திரைக்குள் அடக்க முயலும் எந்த மென்பொருளும் ஏதேனும் ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டும். செலஸ்டியா ஈர்ப்பு, உந்துதல் போன்ற விசைகளைக் கைவிடுகிறது. ஸ்பேஸ் எஞ்சின் அறிந்ததற்கும் கற்பனைக்கும் இடையிலுள்ள கோட்டை மங்கவிடுகிறது. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் அளவைச் சுருக்குகிறது. ஆர்பிட்டர் புதியவரின் வசதியைப் பொருட்படுத்துவதில்லை. இவற்றுள் எந்த இழப்பைத் தம்மால் பொறுத்துக்கொள்ள முடியும் என்று கேட்டுக்கொள்வதே சரியான தொடக்கம் என்பது என் கருத்து.

செலஸ்டியாவிலிருந்து தொடங்குகிறேன். கிறிஸ் லாரல் உருவாக்கி 2001இல் வெளியான இம்மென்பொருள் இலவசமானது, திறந்த மூல உரிமம் கொண்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். பழைய மடிக்கணினிகூட இதற்குப் போதும். ஐரோப்பிய விண்வெளி முகமை 1989இல் ஏவிய ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் தூரம் அளந்து தந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இதில் அவற்றின் முப்பரிமாண இடங்களில் அமர்ந்திருக்கின்றன. கற்க வேண்டிய விசைப்பலகை விசைகளும் சொற்பம். 'என்டர்' அழுத்திப் பெயரைத் தட்டச்சு செய்தால் அப்பொருள் தேர்வாகும். 'ஜி' அழுத்தினால் நாம் அதனிடம் சென்று சேர்வோம். 'எச்' சூரியனைத் தேர்ந்து தரும். 'எல்' காலத்தைப் பத்து மடங்கு வேகமாக்கும், 'கே' பத்து மடங்கு மெதுவாக்கும், 'ஜே' பின்னோக்கித் திருப்பும். இந்த ஆறு விசைகளோடு ஒரு மாலைப் பொழுது முழுவதையும் கழித்துவிடலாம்.

அந்த மாலையில் செய்து பார்க்கத்தக்கவை இரண்டு உண்டு. முதலாவது, பூமியருகே நின்று சூரியனைத் தேர்ந்து, 'சி' விசையால் அதைத் திரையின் நடுவில் நிறுத்தி, 'எஃப்4' அழுத்துவது. அந்த விசை நம் வேகத்தை ஒளியின் வேகமாக அமைக்கிறது. திரையில் எதுவும் நடக்காததுபோல் தோன்றும். பழுது என்று நினைத்து மென்பொருளை மூடிவிடக் கூடாது. சூரியனை எட்டச் சுமார் 8 நிமிடம் 20 வினாடி ஆகும் என்பதைப் பாடநூலில் படித்திருப்போம், ஆனால் அந்த எட்டு நிமிடங்களையும் அசையாத திரைக்கு முன் உட்கார்ந்து கழித்த பிறகுதான் அந்த எண்ணுக்கு எடை வருகிறது. இரண்டாவது, விண்மீன் குழுக்களின் கோடுகளைத் திரையில் வரவழைத்துக்கொண்டு ஓரியன் குழுவை நோக்கிச் செல்வது. பூமியிலிருந்து ஒரே தளத்தில் ஒட்டிவைத்ததுபோல் தெரியும் அந்த உருவம், நாம் நெருங்க நெருங்கக் கலைந்து போகிறது. ஏறத்தாழ 250 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பெல்லட்ரிக்ஸ் முதலில் நமக்குப் பின்னால் போய்விடும், திருவாதிரையும் ரைஜலும் வெகுநேரம் முன்னாலேயே இருக்கும். விண்மீன் குழு என்பது நாம் நிற்கும் இடத்தின் தற்செயல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி எனக்குத் தெரியாது.

செலஸ்டியா கைவிடுவதையும் சொல்லியாக வேண்டும். இதில் நமக்கு உடல் இல்லை, எடை இல்லை, எரிபொருள் இல்லை. நினைத்த மாத்திரத்தில் புறப்பட்டு நினைத்த இடத்தில் நிற்கும் ஆவியைப்போல் உலவுகிறோம். கோள்களும் ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை. முன்பே கணித்து வைத்த சூத்திரங்களின்படி அந்தந்த நேரத்துக்குரிய இடத்தில் வரையப்படுகின்றன. ஆகவே 2024 ஏப்ரல் 8 அன்று நிலவின் நிழல் வட அமெரிக்காவின்மீது ஊர்ந்து சென்ற காட்சியை மேலிருந்து பார்க்க இது மிகப் பொருத்தமான கருவி. நிலவு இல்லாமற்போனால் என்னாகும் என்று சோதிக்க இது உதவாது. அத்தகைய கேள்விகளுக்கு யுனிவர்ஸ் சேண்ட்பாக்ஸ் என்ற கட்டண மென்பொருள் இருக்கிறது. அதில் பொருள்கள் உண்மையாகவே ஒன்றையொன்று ஈர்க்கும், மோதும், சிதறும். ஆயினும் அது பரிசோதனை மேசையே அன்றிப் பயணம் அல்ல என்பதால் இந்த ஒப்பீட்டில் அதை ஓரமாக வைக்கிறேன்.

ஸ்பேஸ் எஞ்சின், ரஷ்ய நிரலாளர் விளாதிமிர் ரொமான்யுக்கின் படைப்பு. 2010இல் முதற்பதிப்பு வந்தது; பல ஆண்டுகள் இலவசமாகக் கிடைத்து, 2019 முதல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டு விற்பனைத் தளத்தில் கட்டணத்துக்கு விற்கப்படுகிறது. விண்டோஸுக்கு மட்டுமே உரியது. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் இதை முயல்வது வீண். அழகில் மற்ற மூன்றும் இதன் அருகில்கூட வர முடியாது. செலஸ்டியாவில் ஒரு விண்மீனை நெருங்கினால் பெரும்பாலும் ஒளிப்புள்ளி ஒரு கோளமாவதோடு சரி. இங்கே அதே விண்மீனைச் சுற்றிக் கோள்கள், கோள்களைச் சுற்றி நிலவுகள், நிலவின் பள்ளத்தாக்கில் இறங்கி நின்றால் தொடுவானில் எழும் வளையங்கள் என்று காட்சி விரிந்துகொண்டே போகும்.

சிக்கலும் அங்கேயேதான் இருக்கிறது. வானியல் பட்டியல்களில் உள்ள விண்மீன்களும் விண்மீன் திரள்களும் கண்டறியப்பட்ட புறக்கோள்களும் (பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள்) ஒரு பங்கு. மற்றவை அனைத்தும் கணித விதிகளைக் கொண்டு அந்தக் கணத்தில் நிரல் உண்டாக்குபவை. இரண்டையும் ஒரே ஒளியில், ஒரே நுணுக்கத்தில் அது காட்டுவதால், புதியவருக்கு எது அளவிடப்பட்டது, எது புனையப்பட்டது என்ற வேறுபாடு பிடிபடுவதில்லை. பெயரைப் பார்ப்பது ஒரு வழி. 'ஆர்எஸ்' என்ற எழுத்துகளில் தொடங்கும் விண்மீனும் 'ஆர்ஜி' என்று தொடங்கும் திரளும் நிரலின் புனைவு. ஹிப்பார்கோஸ் எண்ணோ, ஒளிமுகில்களையும் திரள்களையும் தொகுத்த மெசியே பட்டியலின் எண்ணோ கொண்டவை மெய். ஆனால் மெய்யான பெயருள்ள புறக்கோளில் இறங்கும்போதும் காலடியிலுள்ள மலை கற்பனைதான், ஏனெனில் எந்தப் புறக்கோளின் நிலப்பரப்பையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. இதை ஒரு குறையாக மட்டும் நான் சொல்லவில்லை. விதிகளுக்கு உட்பட்ட கற்பனை என்பதும் ஒருவகை அறிவியல் பயிற்சியே. இருந்தாலும் இதை முதல் மென்பொருளாக ஒருவருக்குப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு. பிள்ளைகளுக்குக் காட்டுவதாக இருந்தால் அந்தத் தயக்கம் இன்னும் கூடும்.

இவ்விரண்டும் பார்ப்பதற்கானவை. அடுத்த இரண்டும் ஓட்டுவதற்கானவை. ஒப்பீடு சூடுபிடிப்பதும் இங்கேதான்.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம், மெக்சிகோவைச் சேர்ந்த ஸ்குவாட் நிறுவனத்தில் உருவாகி 2011இல் முதன்முதலாகப் பொதுவெளிக்கு வந்தது. முழுப் பதிப்பு 2015இல் வெளியானது. பச்சை நிறக் குட்டி மனிதர்களைக் கண்டு இது சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு, ஒதுக்கியவர்களுக்கே நட்டம். இதில் ராக்கெட்டை நாமே பாகம் பாகமாக அடுக்கிக் கட்டுகிறோம், நாமே ஏவுகிறோம், பெரும்பாலும் நாமே வெடிக்கவும் வைக்கிறோம். நேராக மேலே போனால் விண்வெளியைத் தொட்டுவிட்டுத் திரும்ப விழுவோம், சுற்றுப்பாதை வேண்டுமானால் பக்கவாட்டில் வேகம் சேர்க்க வேண்டும் என்ற அடிப்படை உண்மை நான்காவது தோல்வியில் தானாகவே விளங்கிவிடும். தோல்விக்குப் பின் மீண்டும் ராக்கெட் கட்டும் கூடத்துக்குத் திரும்பி எரிபொருள் தொட்டியை மாற்றி ஏவச் சில நிமிடங்களே ஆகும். கற்பிக்கும் முறையில் இதன் முழு வலிமையும் அந்த விரைவில்தான் அடங்கியிருக்கிறது.

அந்த விரைவுக்காக இது கொடுக்கும் விலை, அளவு. இதில் நாம் புறப்படும் கெர்பின் என்ற கோளின் ஆரம் 600 கி.மீ. மட்டுமே, அதாவது பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆனால் தரையில் ஈர்ப்பு பூமியில் உள்ள அளவே. அப்படியானால் அதன் அடர்த்தி பூமியைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். அப்படியொரு கோள் எதனால் ஆனதாக இருக்கும் என்று யோசிக்காமல் இருப்பது நல்லது. வளிமண்டலம் 70 கி.மீ. உயரத்தில் முடிந்துவிடுகிறது; தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு வினாடிக்கு ஏறத்தாழ 2.3 கி.மீ. வேகம் போதும், பூமியில் அதற்கு 7.8 கி.மீ. வேண்டும். மேலும் இதில் கலம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளின் ஈர்ப்புக்கு மட்டுமே உட்படுகிறது. ஒரு கோளின் எல்லையைத் தாண்டிய நொடியில் அதன் ஈர்ப்பு அறவே நின்று அடுத்ததன் ஈர்ப்பு தொடங்கும். பாதையை வரைவதற்கு இது மிகவும் வசதி. ஆனால் இரு பொருள்களின் ஈர்ப்பும் சுற்றுவதன் விளைவும் சேர்ந்து சமன்படும் லக்ராஞ்சி புள்ளிகள் இந்த உலகில் இல்லை.

ஆர்பிட்டர் இதற்கு நேர் எதிர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய மார்ட்டின் ஷ்வைகர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இது தொடக்கத்திலிருந்தே இலவசம். 2021இல் அதன் மூல நிரலும் திறந்துவிடப்பட்டது. சூரியக் குடும்பம் இதில் மெய்யான அளவில் இருக்கிறது, கலத்தின்மீது பல பொருள்களின் ஈர்ப்பும் ஒருங்கே செயல்படுகிறது. கட்டுவதற்கு ஒன்றுமில்லை; டெல்டா கிளைடர் என்ற கற்பனைக் கலத்தையோ விண்வெளி ஓடத்தையோ எடுத்து ஓட்ட வேண்டியதுதான். டெல்டா கிளைடரின் எஞ்சின் திறன் இன்றைய எந்தக் கலத்துக்கும் வாய்க்காதது என்பதால், ஆர்பிட்டரும் ஓரிடத்தில் நமக்குச் சலுகை காட்டவே செய்கிறது. வேறெங்கும் காட்டுவதில்லை. கட்டுப்பாட்டு அறையிலுள்ள பச்சை எழுத்துத் திரைகளில் சுற்றுப்பாதை, தளச் சரிவு, இணைப்பு என்று தனித்தனி முறைகள் உண்டு. அவற்றிலுள்ள எண்களின் பொருள் தெரியாமல் ஓர் அடிகூட நகர முடியாது. எனக்கு முதல் வாரம் முழுவதும் ஓடுபாதையின் முடிவில் புல்வெளியிலேயே கழிந்தது.

தரையிலிருந்து கிளம்பும் சூழலை ஆர்பிட்டரில் முதலில் தேர்ந்ததுதான் நான் செய்த பிழை. பன்னாட்டு விண்வெளி நிலையத்தோடு இணைந்திருக்கும் சூழலிலிருந்து தொடங்குவதே சரி. நிலையத்தை விட்டுப் பிரிந்து, எண்பலகையில் 5 அழுத்திச் சுழற்சியை நிறுத்தி, சிறிது தூரம் விலகி, பிறகு திரும்பி வர முயல வேண்டும். அப்போது விண்வெளிப் பயணத்தின் மிக வினோதமான பாடம் கிடைக்கும். முன்னால் போகும் நிலையத்தை நோக்கி விரைய எஞ்சினை இயக்கினால் நம் சுற்றுப்பாதை உயர்ந்து, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடி, நாம் மேலும் பின்தங்குவோம்; எட்டிப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ வேண்டும். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் சென்ற ஜிம் மெக்டிவிட், தமது ராக்கெட்டின் கழற்றப்பட்ட மேலடுக்கை நெருங்க முயன்று, எரிபொருள் தீர்ந்துகொண்டே போனதால் கைவிட நேர்ந்தது இந்தக் காரணத்தால்தான். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ, ஜெமினி 7 கலத்தை முறையான கணக்கோடு நெருங்கிக் காட்டியது. கெர்பலிலும் இதே பாடம் உண்டு. ஆனால் அங்கே வரைபடத்தில் பாதையை இழுத்துப் பார்த்துத் தப்பித்துவிடலாம், ஆர்பிட்டரில் எண்களோடு மல்லுக்கட்டியே ஆக வேண்டும்.

எனவே, ஒரு மாலைப் பொழுதே கையில் இருப்பவருக்குச் செலஸ்டியா. எதையும் நிறுவவே முடியாதவருக்கு, உலாவியிலேயே இயங்கும் நாசாவின் 'ஐஸ்' (Eyes) என்ற மென்பொருள். விண்கலம் எப்படி மேலே போகிறது என்ற கேள்வி உள்ளவருக்குக் கெர்பல்; அதிலும் முதற்பாகம்தான், ஏனெனில் 2023இல் முன்னோட்டமாக வெளிவந்த இரண்டாம் பாகம் திட்டமிட்ட முழுமையை எட்டவில்லை. கெர்பலில் ஒருமுறை இரு கலங்களை இணைத்துவிட்டவர் ஆர்பிட்டருக்குச் செல்லலாம். அதற்கு முன் செல்பவர்களில் பலர் அதை மீண்டும் திறப்பதில்லை. ஸ்பேஸ் எஞ்சினை, மற்ற மூன்றில் ஒன்றோடாவது பழகிய பிறகு, நல்ல கணினி கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளலாம். அது எங்கும் போய்விடாது.

துணை நிரல்களை (மென்பொருளோடு பிறர் எழுதிச் சேர்ப்பவை) முதல் மாதத்தில் தொடாமல் இருப்பது நல்லது. பிறகு கெர்பலுக்கு 'ரியல் சோலார் சிஸ்டம்' என்ற துணை நிரலை நிறுவினால், அது கைவிட்ட அளவு திரும்பி வந்து சேரும்: கெர்பினின் இடத்தில் பூமி அமரும். முன்பு சுற்றுப்பாதையை அடையப் போதுமானதாக இருந்த வினாடிக்கு 3,400 மீட்டர் வேக மாற்றம் இப்போது ஏறத்தாழ 9,400 ஆகிவிடும். எஞ்சினின் வாயு வெளியேறும் வேகம் வினாடிக்கு 3.1 கி.மீ. எனக் கொண்டு, வேக மாற்றத்தை ராக்கெட்டின் எடையோடு இணைக்கும் சியோல்கோவ்ஸ்கியின் சமன்பாட்டில் போட்டால், முன்னதற்கு ராக்கெட்டின் தொடக்க எடை இறுதி எடையைப்போல் மூன்று மடங்கு இருந்தால் போதும். பின்னதற்கு இருபது மடங்கு வேண்டும். கெர்பினின் நிலவில் இறங்கிப் பத்திரமாகத் திரும்பிய அதே ராக்கெட், இங்கே சுற்றுப்பாதையைக்கூட எட்டாமல் கடலில் விழும்.