கார்ப் பாட்டுக்கு எது தோது: பென்டிரைவா, புளூடூத்தா?

ஜப்பானிலிருந்து வந்த பழைய காரில் பாட்டுக் கேட்க, சிகரெட் லைட்டர் துளையில் செருகி, கைபேசிப் பாட்டைக் கார் ரேடியோவுக்கு ஒலிபரப்பும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைத்தான் பலர் முதலில் வாங்குகிறார்கள். மலிவுதான், ஆனால் நான் அதை விரும்பவில்லை. அந்தக் கார்களின் பழைய ரேடியோ செட்டுகள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். டிரான்ஸ்மிட்டரோ பெரும்பாலும் 87.5க்கு மேல்தான் ஒலிபரப்பும். இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது இரண்டரை மெகாஹேர்ட்ஸ். அதிலும் திருகோணமலையில் காலியாக இருந்த அலைவரிசையில், ஹபரணைப் பக்கம் போனதும் வேறொரு நிலையம் வந்து குந்திவிடலாம்.

ஆகவே செட்டையே மாற்றினேன். புதியதில் ஆக்ஸ், புளூடூத், யுஎஸ்பி மூன்றும் உண்டு. ஆக்ஸ் என்பது கைபேசியின் ஹெட்போன் துளையைச் செட்டோடு இணைக்கும் வயர், அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2016இல் வந்த ஐபோன் 7 முதல் பல கைபேசிகளில் அதற்கான துளையே இல்லை.

புளூடூத் வசதியானது, மறுக்கவில்லை. வயர் வேண்டாம், பின்னால் இருக்கும் பிள்ளைகள் கேட்கும் பாட்டை உடனே போடலாம். ஆனால் அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். இணையத்தில் கேட்பவர்களுக்கு, கந்தளாய் தாண்டிக் காட்டுப் பாதையில் சிக்னல் மெலியும் இடங்களில் பாட்டு விக்கும். ஒலித்தரத்தைக் குறை சொல்ல மாட்டேன். புளூடூத் பாட்டை மீண்டும் ஒருமுறை சுருக்கித்தான் அனுப்புகிறது என்றாலும், ஓடும் காரின் இரைச்சலில் என் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை.

என்னைப் பென்டிரைவின் பக்கம் சாய்த்தது பராமரிப்புத்தான். அதற்குச் சார்ஜ் வேண்டாம், டேட்டா வேண்டாம், இணைக்கும் வேலையும் இல்லை. சாவியைத் திருப்பினால் விட்ட இடத்திலிருந்து பாடும். ஆனால் தொடக்கத்தில் ஒழுங்காகத் தயார் செய்ய வேண்டும். பல செட்டுகள் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்ததை மட்டுமே படிக்கும். 64 ஜிபி பென்டிரைவ்கள் பொதுவாக எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வருவதால் 32 ஜிபியே போதும். 320 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில் எம்பி3யாக ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 12 எம்பி. அந்தக் கணக்கில் 2,500 பாட்டுகளுக்கு மேல் அடங்கும்.

கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் என் செட்டின் திரையில் வெறும் கட்டங்கள்தான் வரிசையாகத் தெரிகின்றன. பாட்டுகளும் அகரவரிசையில் வருவதில்லை, நகலெடுத்த வரிசையிலேயே வருகின்றன. அதனால் ஒரு கோப்புறையை முழுதாக நகலெடுத்து முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவேன்.

வெயிலில் கவனம் வேண்டும். உப்புவெளிக் கடற்கரையில் நண்பகலில் நிறுத்திய காரில், உலோக உறையுள்ள பென்டிரைவைத் தொட்டால் விரல் சுடுகிறது. நான் பிளாஸ்டிக் உறையுள்ள, வெளியே நீட்டாத குட்டை ரகத்தைப் பாவிக்கிறேன். நீண்டது முழங்கால் பட்டு யுஎஸ்பி துளையையே தளர்த்திவிடும். பாட்டுகளின் நகல் வீட்டுக் கணினியிலும் இருக்கிறது.

பெரிய திரையுள்ள ஆண்ட்ராய்டு செட்டுகளை நண்பரின் காரில் கேட்டதோடு சரி, நல்லதென்றோ கெட்டதென்றோ அடித்துச் சொல்ல மாட்டேன். புளூடூத்தை நானும் துண்டிக்கவில்லை. அழைப்புகளுக்கு அது, பாட்டுக்குப் பென்டிரைவ்.