கார்பு வண்டியை இன்ஜெக்‌ஷன் ஆக்கித் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். என்னுடையது 98 மாடல், கார்பரேட்டர் வண்டி (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம், பேச்சில் கார்பு). அப்பா வாங்கியது. கோவை சிட்டிக்குள் ஓட்டுவதற்கு இன்றைக்கும் அதுதான்.

கொஞ்ச நாளாக ஒரு தொல்லை. ரோட்டில் விரட்டினால் சரியாகப் போகும். சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடும். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஊரில் இல்லாததால், நண்பர் சொன்ன ஒரு பட்டறைக்குப் போனேன். பானெட்டைத் திறந்த வேகத்திலேயே தீர்ப்பு வந்துவிட்டது. "இந்தக் கார்பு இனித் தேறாதுங்க சார். இதுக்கு ரிப்பேர் கிட் இப்ப வர்றதில்ல. எம்.பி.எஃப்.ஐ. போட்டுட்டா செல்ஃப் தொட்டதும் ஸ்டார்ட்டுங்க, மைலேஜும் ஏறும்." எம்.பி.எஃப்.ஐ. என்பது சென்சார் கணக்கில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை. முப்பத்தெட்டாயிரம் கேட்டார்கள். இன்ஜெக்‌ஷன் கிட் மட்டும்தான் மாற்றுகிறோம், எஞ்சினில் கை வைக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள்.

வண்டி திரும்பி வந்த நாள் அருமையாகத்தான் ஓடியது. அடுத்த வாரமே கேபினுக்குள் பெட்ரோல் வாடை. வழக்கமான மெக்கானிக் அண்ணன் ஊர் திரும்பியதும் கொண்டுபோய்க் காட்டினேன். வண்டியைத் தூக்கிக் கீழே படுத்துப் பார்த்தவர், எழுந்ததும் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார்.

டேங்க் பக்கத்தில் ஒரு கரண்ட் பம்ப்பைக் கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து வந்தது சாதாரண ரப்பர் ஹோஸ், மாட்டியிருந்தது சாதாரண கிளிப். இன்ஜெக்‌ஷனுக்கு லைனில் சுமார் 3 பார் பிரஷர் வேண்டும். கார்பு எஞ்சினின் மெக்கானிக்கல் பம்ப் தருவது அதில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். அந்தப் பிரஷருக்கு இந்த ஹோஸ் தாங்காது. கிளிப் ஓரத்தில் பெட்ரோல் முத்து முத்தாகக் கசிந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளி சைலன்சர் பைப். வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஒயரிங் அதைவிட மோசம். உடைக்கப் போட்ட ஏதோ கட்டிங் வண்டியிலிருந்து அறுத்து எடுத்த இ.சி.யூ. (இன்ஜெக்‌ஷனைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள். ஆக்சிஜன் சென்சாரின் சாக்கெட் எதிலும் மாட்டாமல் தொங்கியது. எஞ்சின் செக் லைட்டே கிடையாது, கார்பு மீட்டரில் அதற்கு இடம் ஏது? ஆக, சென்சார் செத்தாலும் ஓட்டுபவனுக்குத் தெரிய வராது.

இதெல்லாம்கூட வேலை சுத்தமில்லை என்ற கணக்கில் போகட்டும். அண்ணன் பிளாக்கைத் துடைத்துவிட்டு, சேஸிஸ் நம்பருக்கு எடுப்பதுபோல் எஞ்சின் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்தார். "தம்பி, ஆர்.சி.ய எடுங்க." நம்பர் வேறு. கிட் மாற்றவில்லை, மொத்த எஞ்சினையே மாற்றியிருக்கிறார்கள். என் எஞ்சின் அவர்களிடம். என் வண்டியில் இருப்பது எந்த வண்டியின் எஞ்சின், அந்த வண்டி விபத்தில் போனதா, திருட்டுப் போனதா, யாருக்குத் தெரியும்? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி வைத்துக்கொள்ள முடியாது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) ஆர்.டி.ஓ.வில் நிறுத்தினால் அங்கேயே மாட்டும், இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கும் வம்பு.

போன் செய்தால், "பழசெல்லாம் எடைக்குப் போட்டாச்சுங்க" என்கிறார்கள். ஒரிஜினல் கார்பு நல்ல நிலையில் இருந்தால் அதைத் தேடி வாங்க ஆள் இருக்கிறது. எடைக்குப் போட்டார்களாம்!

முதல் கோளாறு என்னவென்றும் பிறகு தெரிந்தது. கழற்றிய பழைய ஹோஸ் ஒன்றை டிக்கியிலேயே விட்டிருந்தார்கள். பம்ப்பிலிருந்து கார்புக்குப் போகும் ஹோஸ், ஃபில்டரைத் தாண்டியது. அண்ணன் நீளவாக்கில் பிளேடால் கீறினார். உள் ரப்பர் உப்பி, கருப்புச் செதிலாக உரிந்து விரலில் ஒட்டியது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. அந்தத் தூள் போய் ஸ்லோ ஜெட்டை (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் கார்பின் சின்னத் துளை) அடைத்தால் ஐடிலிங் நிற்காது, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் மட்டும் ஓடும். ஹோஸை மாற்றி, கார்பைக் கழுவி மாட்டினால் தீர்ந்திருக்கும் என்றார். சில நூறு ரூபாய் வேலை.

இன்ஜெக்‌ஷனைக் குறை சொல்லவில்லை. குளிர் காலை ஸ்டார்ட்டிங், மைலேஜ், புகை எல்லாவற்றிலும் அதுதான் மேல். ஆனால் அது டேங்க், பம்ப், ரிட்டர்ன் லைன், ஒயரிங், சென்சார் என்று கம்பெனியிலேயே சேர்ந்து வரும் ஒரு செட். அதுதான் வேண்டுமென்றால் 2000-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டியையே பேப்பர் பார்த்து வாங்கலாம். முப்பத்தெட்டாயிரத்துக்கு மேல் கொஞ்சம் போட்டால் நல்ல வண்டியே கிடைக்கும். கார்பு வண்டி கையில் இருந்தால் கார்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் விடும்முன் எஞ்சின் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. கழற்றிய சாமான் அத்தனையும் திரும்ப வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள்.

பில் என்று தந்தது "லேபர், பார்ட்ஸ்" என்று எழுதிய துண்டுச் சீட்டுதான். ஆனாலும் ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். 5 லட்சத்துக்கு உட்பட்டதற்குக் கட்டணம் இல்லை. போலீசிலும் எழுதிக் கொடுத்தாயிற்று. கோவை, திருப்பூர் பக்கம் யாரிடமாவது 800 கார்பு எஞ்சின் விலைக்கு வந்தால், எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று ஆர்.சி. நகல் கேளுங்கள். இல்லை என்று மழுப்பினால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.